கடைக்கும் வீட்டுக்கும் ஏற்ற தீயணைப்பான் எது?

நம் உறுப்பினர்களின் கடைகள் பலவற்றில், கல்லாப்பெட்டிக்குப் பின்புறமோ குடோன் வாசலிலோ சிவப்பு நிறச் சிலிண்டர் ஒன்று சுவரில் தொங்குவதைக் காணலாம். உரிமம் புதுப்பிக்கும்போது கேட்கிறார்கள் என்பதற்காக வாங்கி மாட்டியதாகவே பெரும்பாலும் அது இருக்கும். மாட்டிய நாளில் இருந்த இடம்தான்; ஆனால் இன்று அதன் முன்னால் சர்க்கரை மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். அதன் ஊசியை எந்தப் பக்கம் இழுப்பது என்று முதலாளிக்கும் தெரியாது, கடைப் பையனுக்கும் தெரியாது. வீட்டிலோ அந்தச் சிலிண்டர்கூட இருப்பதில்லை.

வணிகம் செய்பவர்களுக்குத் தீ புதிய பகையன்று. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததை மூத்த வணிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். 2017 மே 31 அதிகாலையில் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்து, கட்டடத்தையே இடித்துத் தள்ளும்படி ஆயிற்று. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தையொட்டி இருந்த கடைகள் எரிந்தன. 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசும் சேர்த்து விற்ற மளிகைக் கடையில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். பெரிய கடை, சிறிய கடை என்று தீ பார்ப்பதில்லை.

நம்மில் பலருக்கு இன்னொரு நிலைமையும் உண்டு. முன்னால் கடை, பின்னால் வீடு. அல்லது கீழே கடை, மாடியில் குடும்பம். கடையில் பிடிக்கும் தீ வீட்டுக்குப் போகும். அடுப்படியில் பிடிக்கும் தீ சரக்குக்கு வரும். ஆகவே இரண்டு இடங்களுக்கும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம். எந்தத் தீயணைப்பானை வாங்குவது, எங்கே மாட்டுவது, எப்படிப் பயன்படுத்துவது, எப்போது அதைத் தொடாமல் வெளியே ஓடுவது ஆகிய நான்கையும் தெரிந்துகொண்டால்தான் கொடுத்த பணத்திற்குப் பலன் உண்டு.

சில வினாடிக் கருவி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுவரில் மாட்டும் தீயணைப்பான் தீயணைப்பு வண்டிக்கு மாற்று அன்று. வீட்டுக்கென்று வாங்கும் 2 கிலோ கருவி ஏறத்தாழப் பத்து வினாடிக்குள் காலியாகிவிடும். 6 கிலோ கருவிகூட இருபது வினாடிகளைத் தாண்டுவது அரிது. குப்பைக் கூடை அளவு, ஒரு வாணலி அளவு, ஒரு சுவிட்ச் போர்டு அளவு எரியும் தீயைத்தான் அந்தச் சில வினாடிகளில் அணைக்க முடியும். அட்டைப்பெட்டி அடுக்கு முழுவதும் பற்றி, சுடர் கூரையைத் தொட்டுவிட்டால் அதன் வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

அதற்காக அதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. எந்தப் பெரிய தீயும் முதல் நிமிடத்தில் சிறிய தீயாகத்தான் இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி போய் வண்டி வந்து சேர்வதற்குள் கழியும் நேரமே சரக்கையும் உயிரையும் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் கடையில் இருப்பவர் நீங்களும் உங்கள் ஆட்களும் மட்டுமே.

எரிவது எது என்று பாருங்கள்

நோய்க்குத் தக்க மருந்து போல, எரியும் பொருளுக்குத் தக்கபடியே தீயணைப்பான் அமைகிறது. தீயை எழுத்து வாரியாக வகுத்திருக்கிறார்கள். சாக்கு, அட்டை, காகிதம், மரம், துணி போன்று எரிந்து கரியாகும் திடப்பொருள்கள் 'ஏ' வகுப்பு. பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர் போன்ற திரவங்கள் 'பி' வகுப்பு. சமையல் எரிவாயு முதலிய வாயுக்கள் 'சி' வகுப்பு. மக்னீசியம் போன்ற உலோகங்கள் 'டி' வகுப்பு. அது நம் கடைகளுக்கு அநேகமாகத் தேவைப்படாது. கொதிக்கும் சமையல் எண்ணெயின் தீயைத் தனியாகப் பிரித்து ஐரோப்பிய நாடுகளில் 'எஃப்' என்றும் அமெரிக்காவில் 'கே' என்றும் சொல்கிறார்கள். மின் இணைப்பு உள்ள இடத்தில் பிடிக்கும் தீக்கு, எரியும் பொருள் எதுவானாலும், தண்ணீர் ஆகாது என்பது எல்லோரும் அறிந்ததே.

மளிகைக் கடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாக்கும் அட்டையும் பிளாஸ்டிக் பையும் ஒரு பக்கம். எண்ணெய் டின்னும் நெய்யும் ஒரு பக்கம். கற்பூரம், தீப்பெட்டி, ஊதுபத்தி, கொசு மருந்து ஸ்ப்ரே ஒரு பக்கம். பிரிட்ஜ், பில் போடும் இயந்திரம், இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு பக்கம். ஒரே அறையில் இத்தனை வகையும் அடங்கியுள்ள தொழில் வேறு அதிகம் இல்லை. இதனால்தான் ஒரே ஒரு வகைத் தீக்கு மட்டும் பயன்படும் கருவி நமக்குப் போதாது.

சந்தையில் கிடைக்கும் வகைகள்

ஏ.பி.சி. உலர் தூள்: பெயருக்கேற்ப மூன்று வகுப்புக்கும் பயன்படும். மின் தீயிலும் பயன்படுத்தலாம். இதில் உள்ள மருந்து மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் மஞ்சள் கலந்த தூள். எரியும் பொருளின் மேல் படிந்து உருகி, காற்றுப் படாமல் மூடிவிடுவதால் சாக்கு, அட்டைத் தீயும் இதற்கு அடங்கும். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்க வேண்டும். குறை என்னவென்றால், தூள் கடை முழுவதும் பறக்கும். திறந்திருக்கும் அரிசி, பருப்பு மூட்டைகளில் விழுந்தால் அந்தச் சரக்கை விற்க முடியாது. மின்னணுக் கருவிகளுக்குள் புகுந்தால் அரித்துவிடும். இதை எண்ணித் தயங்கி நின்று தீயை வளரவிட்டால் முழுக் கடையும் போய்விடும். நாலு மூட்டை கெட்டாலும் கடை நிற்கட்டும் என்ற துணிவு வேண்டும்.

பி.சி. தூள் என்று மற்றொன்றும் உண்டு. இதில் இருப்பது பெரும்பாலும் சமையல் சோடா என்று நாம் விற்கும் சோடியம் பைகார்பனேட். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் சரி. சாக்கு, அட்டைத் தீக்கு இது போதாது. விலை குறைவாக இருக்கிறதே என்று பார்க்காமல் வாங்கிவிடக் கூடாது. சிலிண்டரின் மேல் 'ஏ' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரியமில வாயு: மிச்சம் எதையும் விட்டுவைக்காது. பில் இயந்திரம், கம்ப்யூட்டர், மீட்டர் பெட்டி, பிரிட்ஜ் இருக்கும் பக்கத்திற்கு ஏற்றது. ஆனால் சாக்கு, அட்டை போன்றவற்றில் சுடர் அடங்கினாலும் உள்ளே கனல் இருக்கும். வாயு கலைந்ததும் மீண்டும் பற்றிக்கொள்ளும். இதன் அகன்ற ஊதுகுழல் பயன்படுத்தும்போது கடுங்குளிராகிவிடும். வெறுங்கையால் அதைப் பிடித்தால் தோல் புண்ணாகும். பிடியை மட்டுமே பிடிக்க வேண்டும். காற்றோட்டமில்லாத சிறு அறையில் இதை அடித்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது, மூச்சுத் திணறும்.

தண்ணீர் வகை, நுரை வகை: தண்ணீர் வகை 'ஏ' வகுப்புக்கு மட்டுமே. சாக்குக் கிடங்கு, காகிதக் கிடங்கு, பருத்திக் கிடங்கு ஆகியவற்றுக்கு நல்லது. நுரை வகை திடப்பொருளுக்கும் திரவத்திற்கும் பயன்படும். மின் இணைப்பைத் துண்டிக்காமல் இரண்டையும் பயன்படுத்தக் கூடாது.

ஈர இரசாயன வகை: கொதிக்கும் எண்ணெய்த் தீக்கென்றே உண்டானது. இதிலுள்ள பொட்டாசிய உப்புக் கரைசல் சூடான எண்ணெயின் மேல் விழுந்ததும் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாக மாறி மேலே ஏடுபோல் மூடிவிடுகிறது. சோப்பு எப்படித் தயாராகிறது என்று அறிந்த வணிகருக்கு இது எளிதில் விளங்கும். சிப்ஸ் கடை, பலகாரக் கடை, பஜ்ஜிக் கடை நடத்தும் உறுப்பினர்கள் இதைக் கட்டாயம் வாங்க வேண்டும்.

பழைய கட்டடங்களில் தலைகீழாகக் கவிழ்த்துப் பயன்படுத்தும் சோடா-அமிலக் கருவி இன்னும் சுவரில் இருக்கலாம். அதன் காலம் முடிந்துவிட்டது. கார்பன் டெட்ரா குளோரைடு அடைத்த மிகப் பழைய பித்தளைக் கருவி இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. தீயில் பட்டால் அதிலிருந்து நச்சு வாயு உண்டாகும்.

யாருக்கு எது?

சாதாரண மளிகைக் கடைக்கு 4 அல்லது 6 கிலோ ஏ.பி.சி. தூள் ஒன்று வேண்டும். பில் இயந்திரமும் கேமரா பெட்டியும் உள்ள கல்லாப் பக்கத்தில் 2 கிலோ கரியமில வாயு ஒன்று சேர்ந்தால் நிறைவு. குடோன் தனியாக இருந்தால் அதற்கும் தனியாக வேண்டும். கடையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்ற கணக்கு சரிப்படாது. எந்த இடத்தில் நின்றாலும் 15 மீட்டர் நடப்பதற்குள் ஒரு கருவி கைக்கு எட்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

வீட்டுக்கு 2 கிலோ ஏ.பி.சி. போதும். அதற்குமேல் எடையுள்ளதை வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் தூக்கிப் பிடிப்பது கடினம். 2 கிலோ என்பது உள்ளே இருக்கும் மருந்தின் எடை மட்டுமே. சிலிண்டரோடு சேர்த்தால் இன்னும் கூடும். நல்ல பொன்னி அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்றின் விலையை ஒட்டித்தான் இதன் விலையும் இருக்கும்.

இவற்றோடு, செலவில்லாத பழைய முறையையும் மறந்துவிட வேண்டாம். கடை வாசலில் இரண்டு மணல் வாளி, ஒரு தண்ணீர் வாளி. தீ வாளிகளின் அடிப்பாகத்தை உருண்டையாகச் செய்வதே, வேறு வேலைக்கு எடுத்துப்போய்த் தரையில் வைக்க முடியாமல் இருக்கட்டும் என்றுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. கையடக்கத் தீயணைப்பானுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15683. அந்த எண் முத்திரைக்கு மேலும், உற்பத்தியாளரின் உரிம எண் கீழும் அச்சாகியிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் அந்த உரிம எண்ணை இட்டுப் பார்த்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, திறன் எண். பெயர்த்தகட்டில் 2ஏ, 21பி என்பது போல எண்ணும் எழுத்தும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். எண் கூடினால் அணைக்கும் ஆற்றலும் கூடுதல் என்று பொருள். ஒரே எடையுள்ள இரண்டு கருவிகளில் எது உயர்ந்தது என்று அறிய இதுவே வழி.

மூன்றாவது, அழுத்தமானி. தூள் வகைகளில் கழுத்தருகே சிறு கடிகாரம் போல இருக்கும். முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். சிவப்பில் நின்றால் அந்தக் கருவியை வாங்கக் கூடாது. கரியமில வாயு வகைக்கு அழுத்தமானி கிடையாது. அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, தயாரித்த ஆண்டு. மொத்தக் கடையில் நெடுநாள் கிடந்த சரக்கு நம் தலையில் கட்டப்படலாம். காலாவதித் தேதி பார்த்துச் சரக்கு எடுக்கும் நாம் இதிலும் பார்க்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கவே கூடாது.

எங்கே மாட்டுவது?

தீ பிடிக்கக்கூடிய இடத்துக்கு நேர் மேலே மாட்டுவது பலரும் செய்யும் தவறு. அடுப்புக்கு மேல் மாட்டினால், தீ பிடித்த நேரத்தில் சுடருக்குள் கையை நீட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுவதே முறை. அப்போது கருவியை எடுக்கப் போகிறவர் இயல்பாகவே வாசலுக்கு வந்துவிடுவார். தீயை அடக்க முடியாவிட்டால் வெளியே போகும் வழி முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். வீட்டில் சமையலறைக் கதவுக்கு வெளியே, கடையில் ஷட்டருக்கு உட்புறம், குடோனில் வாசல் நிலையருகே. கைப்பிடி நெஞ்சு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். முன்னால் மூட்டை அடுக்குவதில்லை என்று தரையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பயன்படுத்தும் முறை

முதலில் குரல் கொடுத்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லுங்கள். ஒருவரை 101 அல்லது 112 எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை எட்ட முடிந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு கருவியை எடுத்து, தீயிலிருந்து ஆறு முதல் எட்டு அடி தள்ளி, வாசல் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அதன்பின் நான்கே செயல்கள்:

1. பாதுகாப்பு ஊசியைத் திருகி இழுங்கள். பிடியை அழுத்திக்கொண்டு இழுத்தால் ஊசி வராது. முத்திரைக் கம்பி தானே அறுந்துவிடும்.

2. குழலைத் தீயின் அடிப்பாகத்திற்குக் குறி வையுங்கள். மேலே ஆடும் சுடரின் மேல் அடித்தால் மருந்து வீணாகும்.

3. பிடியை முழுவதுமாக அழுத்துங்கள்.

4. இடமும் வலமுமாக வீசிக்கொண்டே, தீ பின்வாங்கப் பின்வாங்க ஓர் அடி முன்னே செல்லுங்கள்.

அணைந்ததும் முதுகைக் காட்டித் திரும்பக் கூடாது. பார்த்துக்கொண்டே பின்னால் நகருங்கள். மூட்டைக்குள் கனல் இருந்து மீண்டும் பற்றலாம். தீயணைப்புத் துறையினர் வந்து பார்க்கும் வரை அந்த மூட்டைகளை நம்ப வேண்டாம்.

தீயணைப்பானைத் தொடக் கூடாத நேரங்கள்

இது எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி. புகை தலை உயரத்திற்கு இறங்கிவிட்டாலும், தீ ஆள் உயரத்திற்கு எழுந்துவிட்டாலும், வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே தீ இருந்தாலும், ஒரு கருவி காலியாகியும் தீ அடங்காவிட்டாலும் உடனே வெளியேற வேண்டும். தீ விபத்துகளில் உயிர்ப்பலி வாங்குவது பெரும்பாலும் புகைதான். கல்லாவில் உள்ள பணத்தையும் பற்றுவரவுக் கணக்கையும் எடுக்க மறுபடி உள்ளே போகக் கூடாது.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, ஒரு மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடிவிடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது: தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் சென்று ஒரே நொடியில் 1,600 மடங்குக்கும் மேலாக விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். தீயணைப்பானைப் பயன்படுத்தவேண்டி வந்தாலும் மிக அருகில் நின்று அடித்தால் அதே வேகத்தில் எண்ணெய் சிதறும். தள்ளி நிற்க வேண்டும்.

எரிவாயு வாடை வந்து, தீ இன்னும் பிடிக்காதிருந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி நிற்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். சிலிண்டர் வாயில் தீ எரிந்துகொண்டிருந்தால், எட்ட முடியுமானால் வால்வை மூடுவதே முதல் வேலை. வாயுவை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைத்தால், வெளியேறும் வாயு அறையில் நிறைந்து ஒரு சிறு பொறியில் வெடிக்கும். மூட முடியாவிட்டால் விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

மின்சார ஸ்கூட்டரில் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைகள் இப்போது பெருகிவிட்டன. அதன் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தால் தூளும் கரியமில வாயுவும் அதை முழுமையாக அடக்கா. உள்ளேயே சூடு உண்டாகித் திரும்பத் திரும்பப் பற்றும், நச்சுப் புகையும் வரும். 2022 மார்ச் மாதம் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தனர். வண்டியை மாடிப்படிக்குக் கீழேயும் வாசலை மறித்தும் நிறுத்திச் சார்ஜ் போடுவதைக் கைவிட வேண்டும். கூடியவரை திறந்தவெளியில், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

மாடியில் குடியிருப்போர் இன்னொன்றையும் இன்றே பார்க்க வேண்டும். இறங்கும் படி கடைக்குள்தான் இருக்கிறதா? அப்படியானால் கடை எரியும்போது வழி எது? மொட்டைமாடிக் கதவின் சாவி எங்கே? இரவில் கம்பிக் கேட்டைப் பூட்டிய சாவி, இருட்டில் கைக்கு எட்டும் ஓர் ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும். அது வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும்.

நம் தராசே நமக்குக் காவல்

வாங்கி மாட்டியதோடு கடமை முடியவில்லை. மாதம் ஒரு முறை, கணக்கு முடிக்கும் நாளில், ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அழுத்தமானி முள் பச்சையில் இருக்கிறதா, ஊசியும் முத்திரையும் அறுபடாமல் உள்ளனவா, குழலில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தூள் வகையை எடுத்து இரண்டு மூன்று முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அசையாமல் தொங்கினால் தூள் அடியில் இறுகிவிடும். அழுத்தம் சரியாக இருந்தும் மருந்து வராது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நொடி அழுத்திப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது கூடவே கூடாது. வால்வின் இடுக்கில் தூள் சிக்கிக்கொண்டு அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். ஒரு நொடி பயன்படுத்தினாலும் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும்.

மறுநிரப்பும் காலம் கருவியின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். பராமரிப்புக்கான தர விதி ஐ.எஸ். 2190 என்பது. சிலிண்டருக்கு அழுத்தச் சோதனையும் உண்டு, ஆயுளும் உண்டு. தூள் வகைக்குப் பொதுவாகப் 10 ஆண்டு, கரியமில வாயு வகைக்கு 15 ஆண்டு என்று கணக்கு. அதன்பின் வண்ணம் பூசிப் புதிதாக்கித் தந்தாலும் வாங்கக் கூடாது.

மறுநிரப்புவதில் நடக்கும் ஏமாற்று நம் உறுப்பினர்கள் பலரும் சொல்லக் கேட்டதே. சிலிண்டரை எடுத்துப்போய்த் துடைத்து, புதுச் சீட்டு ஒட்டி, பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதற்கு நம்மிடமே மருந்து இருக்கிறது. காலி எடையும் நிறை எடையும் சிலிண்டரின் மேல் குறிக்கப்பட்டிருக்கும். கொண்டுபோகும் முன் ஒருமுறை, திரும்பி வந்தபின் ஒருமுறை நம் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். கரியமில வாயு வகையில் உள்ளிருக்கும் வாயுவின் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் உடனே நிரப்பக் கொடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் எடை போட்டுக் கொடுக்கும் நாம் இதை மட்டும் எடை பார்க்காமல் வாங்குவானேன்? நிரப்பக் கொண்டுபோகும் நாட்களுக்கு மாற்றுக் கருவி ஒன்றை வைத்துவிட்டுப் போகும்படியும் கேட்டு வாங்குங்கள்.

பூட்டிய கடைக்கு என்ன வழி?

மேலே கண்ட தியாகராய நகர்த் தீ அதிகாலையில் பிடித்தது. மதுரைத் தீ இரவில் பிடித்தது. ஆள் இல்லாத கடையில் கையால் இயக்கும் கருவி பயன்படாது. ஆகவே கடை அடைக்கும்போது, பிரிட்ஜுக்குத் தனி இணைப்பு வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் மெயினை அணைத்துவிடும் பழக்கம் வேண்டும். சாமி விளக்கும் ஊதுபத்தியும் அணைந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே ஷட்டரை இறக்க வேண்டும். கற்பூரமும் தீப்பெட்டியும் எண்ணெய் அடுக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம். பல்புக்கும் மீட்டர் பெட்டிக்கும் நெருக்கமாக அட்டைப்பெட்டி அடுக்க வேண்டாம்.

குடோனுக்கும் மீட்டர் அறைக்கும், கூரையில் தொங்கவிடும் தானியங்கி ஏ.பி.சி. கருவி கிடைக்கிறது. அதன் வாயில் உள்ள சிறு கண்ணாடிக் குமிழ் பொதுவாக 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் உடைந்து, தூள் தானே கொட்டும். வீட்டு மாடிப்படியில் பேட்டரியில் இயங்கும் புகை எச்சரிக்கை மணி ஒன்றை மாட்டினால், தூங்குகிறவர்களை அது எழுப்பிவிடும்.

காப்பீட்டையும் ஒரு வரியில் நினைவூட்டுகிறோம். 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்றும், வீடுகளுக்கு பாரத் க்ருஹ ரக்ஷா என்றும் 2021 ஏப்ரல் 1 முதல் பொதுவான பாலிசிகள் வந்துள்ளன. தீயணைப்பான் வாங்கிய பில், மறுநிரப்பிய பில், சரக்கு இருப்புக் கணக்கு ஆகியவற்றின் நகலைக் கடையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றியிருந்த கப்பல் தீப்பிடித்து வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தனர். அவர்கள் நினைவாகவே அந்த வாரம். சேர்த்து வைக்கக் கூடாத சரக்கைச் சேர்த்து வைத்ததன் விலை அது என்பதை வணிகர்களாகிய நாம் மறக்கலாகாது.

அந்த வாரத்தை ஒட்டி, ஒரே வீதியைச் சேர்ந்த கடைக்காரர்கள் ஒன்றுகூடித் தங்கள் கருவிகளை ஒரே நாளில் மறுநிரப்பக் கொடுக்கலாம். மொத்தமாகப் பேசினால் விலையும் குறையும். அதைவிடப் பெரிய ஆதாயம் வேறொன்று. நிரப்பக் கொடுக்கும் கருவியில் உள்ள பழைய மருந்து எப்படியும் வெளியே கொட்டப்படும். அதை வீணாக்காமல், உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, ஒரு மைதானத்தில் பழைய சாக்கைக் கொளுத்தி, கடைப் பையன்களும் வீட்டுப் பெண்களும் ஆளுக்கு ஒரு முறை ஊசியை இழுத்து அடித்துப் பழகட்டும். செலவு கூடுதலாக ஒன்றுமில்லை. ஒருமுறை கையில் பிடித்து அழுத்தியவருக்கு ஆபத்து நேரத்தில் கை நடுங்காது.

அடுத்த முறை கணக்கு முடிக்கும் நாளில் சர்க்கரை மூட்டைகளை நகர்த்திவிட்டு அந்தச் சிவப்புச் சிலிண்டரைக் கீழே இறக்கிப் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது, ஆண்டு என்ன, எடை எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு இன்னும் வாங்காதவர்கள் இந்த மாதக் கொள்முதலோடு ஒன்று வாங்கிவிடுங்கள்.